சமன்பாட்டுக்கு எண் இடுவது யார்?

கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல் எனத் துறைகள் பலவாயினும், அவற்றில் முதுகலை பயிலும் மாணவர் பெரும்பாலோர் கடைசிப் பருவத்தில் கடந்தாக வேண்டிய வாயில் ஒன்று உண்டு. அதுவே திட்டக் கட்டுரை. மாதக் கணக்கில் நூலகத்திலும் ஆய்வகத்திலும் உழைத்துச் சேர்த்ததைக் கையெழுத்துப் படியாக்கி, இறுதி வாரத்தில் தட்டச்சு மையத்திற்கு எடுத்துச் செல்கிறோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். சமன்பாடு மிகுந்த பக்கத்துக்குக் கூலி கூடும் என்றால் அதற்கும் தலையசைக்கிறோம். சொற்களை அங்குள்ளோர் பெரும்பாலும் செவ்வனே அடித்துத் தந்துவிடுகிறார்கள். சமன்பாடுகளில்தான் வண்டி குடை சாய்கிறது.

அடுக்குக்குறி கீழே இறங்கி நிற்கும். கீழ்க்குறி மேலே ஏறி நிற்கும். பக்கத்தின் வலப்புறம் நிற்க வேண்டிய எண் அடுத்த வரிக்கு ஓடியிருக்கும். 'சமன்பாடு (3.7)-இன்படி' என்று கட்டுரை கூறும், (3.7)-ஐத் தேடிப் போனால் அங்கே வேறொன்று இருக்கும். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் விரல் வைத்துக் கேட்கும்போது, 'அது தட்டச்சுப் பிழை ஐயா' என்பதே மாணவரின் விடையாகிறது. தம் கட்டுரையின் உயிர்நிலையான பகுதிக்குத் தாம் பொறுப்பில்லை என்று மாணவர் கூறும் நிலை கல்விக்கு அழகாகுமா?

ஆகவே இக்கட்டுரை வற்புறுத்துவது மூன்று செய்திகளை. சமன்பாட்டைக் கணிப்பொறியில் சமன்பாடாகவே எழுத வேண்டும். அதன் எண்ணைக் கையால் தட்டாமல் கணிப்பொறியைக் கொண்டே இடுவிக்க வேண்டும். இவ்விரண்டையும் மாணவர் தாமே செய்யும்படி கல்லூரி கற்பிக்க வேண்டும். சொல்லப்போனால் சிறு காரியம். ஆனால் விளைவு சிறிதன்று.

எண் எதற்கு?

எண்ணிட்டு எழுதுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. யூக்ளிட் தம் வடிவ கணிதத்தை 13 நூல்களாக வகுத்தார். செங்கோண முக்கோணத் தேற்றம் முதல் நூலின் 47ஆம் கூற்று என்றால், எந்த நாட்டு மாணவரும் எந்தப் பதிப்பிலும் அதனைக் கண்டுகொள்வார். நம் திருக்குறளில் 133 அதிகாரங்கள், 1330 குறட்பாக்கள். கல்வி அதிகாரத்தின் முதற்குறளை 391 என்றும் சுட்டலாம்; 40ஆம் அதிகாரத்து முதற்குறள் என்றும் சுட்டலாம். இன்று ஆய்வேடுகளில் சமன்பாடுகளுக்கு நூல் முழுதும் தொடரெண் இடுவதும், இயல்தோறும் (3.1), (3.2) எனப் புதிதாகத் தொடங்குவதும் இதே இரு முறைகள்தாம்.

எண் மாறினால் என்ன நேரும் என்பதற்கும் நம்மிடம் சான்றுண்டு. தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் வெவ்வேறு விதமாகப் பிரித்துக்கொண்டனர். எனவே ஒருவர் உரையில் ஓர் எண் பெற்ற நூற்பா மற்றவர் உரையில் வேறெண் பெறுகிறது. எந்த உரை என்று கூறாமல் எண்ணை மட்டும் கூறுபவர் படிப்பவரைத் திசை தெரியாத ஊரில் இறக்கிவிடுகிறார்.

கணிதத்திற்கு வருவோம். 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர ஏனைய பாடங்களைப் புறக்கணித்து உதவித்தொகையை இழந்த சீனிவாச இராமானுசன் விட்டுச் சென்ற குறிப்பேடுகளை நாம் அறிவோம். அவருடைய இரண்டாம் குறிப்பேட்டின் பெரும்பகுதி 21 இயல்களாகப் பிரிக்கப்பட்டு, முடிவுகள் எண்ணிடப்பட்டுள்ளன. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அக்குறிப்பேடுகளுக்கு விளக்கம் வெளியிட்டபோது, இன்ன இயலின் இன்ன பதிவு என்று இராமானுசனின் எண்களைக் கொண்டே சுட்ட முடிந்தது. 1976ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த குறிப்பேடு' அவ்வாறன்று. அது உதிரித் தாள்களின் தொகுப்பு. அதிலுள்ள முடிவுகளைப் பக்க எண்ணைக் கொண்டு சுட்ட வேண்டியதாயிற்று. மேதையின் எழுத்துக்கே எண் இத்துணை உதவுமாயின், நம் எழுத்துக்கு அது வேண்டாவென்று யார் கூற முடியும்?

அச்சுக்கூடம் முதல் கணிப்பொறி வரை

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் கணிதம் அச்சுக்கோப்பவருக்குப் பெருந்துன்பம். ஆங்கில அச்சுத் தொழிலில் இத்தகைய கையெழுத்துப் படிக்குத் 'தண்டனைப் படி' என்னும் பொருளில் ஒரு பெயரே இருந்தது, கூலியும் மிகுதி. பின்னர்த் தட்டச்சுப் பொறி வந்தது. அதில் தொகைக்குறியோ மூலக்குறியோ ஏது? எனவே ஆய்வேடுகளில் இடம் விட்டுத் தட்டச்சு செய்து, பிறகு சமன்பாடுகளைக் கறுப்பு மையால் கையெழுத்தில் நிரப்பினர். நூலகத்தின் பழைய ஆய்வேடுகளைப் புரட்டுவோர் இதனைக் காணலாம். அந்தக் கையெழுத்தில் ஒரு நன்மை இருந்தது: சமன்பாட்டை எழுதியவர் ஆய்வாளரே. தவறெனில் அவர் தவறு. சரியெனில் அவர் பெருமை.

1977ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், தம் கணிப்பொறியியல் நூலின் இரண்டாம் தொகுதிக்குரிய மறுபதிப்பு மெய்ப்பைக் கண்டு மனம் வருந்தினார். புதிய ஒளி அச்சுக்கோப்பு முறையில் கணிதத்தின் தோற்றம் பழைய பதிப்பைவிடத் தாழ்ந்திருந்தது. அவர் பதிப்பாளரைக் குறை கூறிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை; தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதினார். அதுவே 'டெக்'. லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் 'லாடெக்' என்னும் எளிய அமைப்பை உருவாக்கினார். இரண்டும் இன்றுவரை விலையின்றிக் கிடைக்கின்றன. 'வேர்டு' என்னும் சொற்செயலியில் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் சமன்பாடு எழுதும் பகுதி உள்ளேயே அமைந்துவிட்டது. கருவி இல்லை என்ற குறை தீர்ந்து நெடுநாளாயிற்று. பழக்கந்தான் இன்னும் தட்டச்சுப் பொறிக் காலத்திலேயே நிற்கிறது.

நான்கு தீய பழக்கங்கள்

முதலாவது, சமன்பாட்டைப் படமாக ஒட்டுவது. நூலிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ படமெடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். அப்படத்தில் ஒரு குறியைத் திருத்தவும் இயலாது, பெரிதாக்கினால் மங்கும். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பார்வையற்ற மாணவரும் ஆசிரியரும் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். முறையாக எழுதிய சமன்பாட்டை உரிய துணை மென்பொருளுடன் அவை படித்துக் காட்டும். படத்தைக் கண்டால் 'படம்' என்பதோடு நின்றுவிடும். சமன்பாட்டைப் படமாக ஒட்டுபவர் தம் வகுப்புத் தோழர் ஒருவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்.

இரண்டாவது, இடைவெளி விசையைத் தட்டித் தட்டி எண்ணை வலப்புறம் தள்ளுவது. பள்ளிப் பாடநூல்களைப் பார்த்துப் பழகியதால் முற்றுப்புள்ளிகளை வரிசையாக இட்டு (1) என்று முடிப்பவரும் உண்டு. எழுத்துருவின் அளவு சற்றே மாறினாலும், கோப்பை வேறொரு கணிப்பொறியில் திறந்தாலும், அந்த எண் வரியின் விளிம்பில் தடுக்கி அடுத்த வரியில் விழும்.

மூன்றாவது, எழுத்துருக் குழப்பம். தமிழ்வழி மாணவர்க்கே உரிய துன்பம் இது. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எனினும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் தட்டச்சு மையங்களில் இன்னும் உயிர் வாழ்கின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலேயே தமிழ் எழுத்து குடியிருக்கிறது. பக்கம் முழுவதையும் தேர்ந்து எழுத்துருவை மாற்றினால், வரியினுள் வெறும் எழுத்தாக அடித்திருந்த 'எம்' என்னும் ஆங்கில எழுத்து 'அ' ஆகிவிடும். 'எஃப்' 'க' ஆகிவிடும். நிறையும் விசையும் உயிரெழுத்தாகவும் மெய்யேறிய எழுத்தாகவும் மாறி நிற்பதைக் கண்டு நகைப்பதா, அழுவதா?

நான்காவது, எண்ணைக் கையால் தட்டுவது. மூன்றாம் இயலில் 14 சமன்பாடுகள் உள்ளன என்று கொள்வோம். வழிகாட்டிப் பேராசிரியர், நான்காவதற்குப் பின் ஓர் இடைப்படியைச் சேர்க்கச் சொல்கிறார். உடனே ஐந்து முதல் பதினான்கு வரை பத்துச் சமன்பாடுகளின் எண்ணும் மாற வேண்டும். அதோடு போகவில்லை. அந்தப் பத்தையும் கட்டுரையில் எங்கெங்கே சுட்டியிருக்கிறோமோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்திய இரவில், கண் எரியும் நேரத்தில், இத்தனையும் பிழையின்றி நடக்குமா? ஒன்றே ஒன்று தப்பினாலும் வாதம் வேறோர் அடிப்படையைக் காட்டி நிற்கும். சரியான கணிதம் தவறான கணிதம் போலத் தோன்றும்.

எண்ணைத் தட்டாமல் பெயர் சூட்டுக

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் உள்ளே ஓர் அடையாளம் கொடுத்துவிட வேண்டும். எண் என்ன என்பதைக் கணிப்பொறி எண்ணிக் கண்டுகொள்ளும். சுட்ட வேண்டிய இடத்தில் அடையாளத்தைச் சுட்டினால், அப்போதைய எண்ணை அதுவே கொண்டுவந்து வைக்கும்.

வேர்டில் 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு சமக்குறியைத் தட்டினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். எண்ணுடன் அமைக்க, கோடில்லாத மூன்று கட்டங்கள் கொண்ட ஒற்றை வரி அட்டவணை போதும். முதற்கட்டம் வெறுமை, நடுக்கட்டத்தில் சமன்பாடு, மூன்றாவதில் வலப்புறம் ஒட்டி அடைப்புக்குறிக்குள் எண். அந்த எண்ணை 'ரெஃபரன்சஸ்' பட்டியில் உள்ள 'இன்சர்ட் கேப்ஷன்' வழியாக இட வேண்டும். 'ஈக்வேஷன்' என்னும் சொல்லை விலக்கி எண்ணை மட்டும் பெறவும், இயல் எண்ணைச் சேர்க்கவும் அங்கேயே வழியுண்டு. உரையில் சுட்டுவதற்கு 'கிராஸ் ரெஃபரன்ஸ்' உதவும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: இந்த எண்கள் உடனுக்குடன் மாறுவதில்லை. அச்செடுக்குமுன் 'கன்ட்ரோல்' விசையுடன் 'ஏ' அழுத்தி அனைத்தையும் தேர்ந்து, 'எஃப்9' அழுத்தினால் எல்லாம் ஒழுங்காகும்.

'லிப்ரே ஆஃபீஸ்' விலையில்லா மென்பொருள். அதன் எழுதும் பகுதியில் 'எஃப்', 'என்' என்னும் இரு சிறிய ஆங்கில எழுத்துக்களைத் தட்டி 'எஃப்3' அழுத்தினால், எண்ணுடன் கூடிய சமன்பாட்டு வரி ஒன்று ஆயத்தமாக வந்து நிற்கும். லாடெக்கில் சமன்பாட்டுக்குள் ஒரு பெயரை எழுதிவிட்டு வேண்டிய இடத்தில் அப்பெயரை அழைக்கலாம். கோப்பை இருமுறை ஓட்ட வேண்டும். முதன்முறை எண்களைக் குறித்துக்கொள்ளும். மறுமுறை அவற்றை உரிய இடங்களில் நிரப்பும். அதுவரை அங்கே இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும்.

சுட்டிய சமன்பாட்டையே நீக்கிவிட்டால் வேர்டு, 'மூலம் காணப்படவில்லை' என்னும் பொருள்படத் தடித்த எழுத்தில் பிழை காட்டும். இதைக் கண்டு அஞ்சிக் கையால் தட்டுவதே மேல் என்பாருளர். நோய் உள்ள இடத்தில் வலி தோன்றுவது நன்மைக்கே. கையால் தட்டிய எண் பொய் கூறும்போதும் முகம் மாறுவதில்லை. அதுவே அதிலுள்ள ஆபத்து.

தமிழில் எழுதுவோர்க்குச் சில

ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் சமன்பாட்டோடு முடிந்துவிடும். முற்றுப்புள்ளியும் அங்கேயே விழும். தமிழிலோ வினைமுற்று கடைசியில் வருகிறது. 'ஆகவே' என்று தொடங்கி, சமன்பாட்டை நடுவே வைத்து, 'என்று கிடைக்கிறது' என முடிக்கிறோம். எனவே சமன்பாட்டுக்கு அடுத்த வரியைப் புதிய பத்தி போல உள்தள்ளித் தொடங்கக் கூடாது. அது முந்திய வாக்கியத்தின் வால்.

'ஐந்தாம் சமன்பாட்டின்படி' என்று எண்ணைச் சொல்லால் எழுதுவது தமிழுக்கு இனிமைதான். ஆனால் நாளை அது ஆறாவதானால் கணிப்பொறி அந்தச் சொல்லை மாற்றாது. 'சமன்பாடு (3.5)-இன்படி' என்று இலக்கத்தால் எழுதி, வேற்றுமை உருபை அடைப்புக்குறிக்கு வெளியே சிறுகோடிட்டுச் சேர்த்தால், எண் மாறினாலும் உருபு கெடாது. 'மேற்கண்ட சமன்பாடு' என்பதையும் தவிர்ப்பது நலம். நடுவே ஒன்று புகுந்தால் மேற்கண்டது எது என்று தெரியாது.

உருவத்திலும் கவனம் வேண்டும். பன்னாட்டுத் தர அமைப்பின் விதிப்படி மாறிகளைக் குறிக்கும் எழுத்துக்கள் சாய்ந்தும், சைன், லாக் போன்ற சார்புகளின் பெயர்களும் அலகுகளும் நேராகவும் நிற்க வேண்டும். சமன்பாட்டுப் பெட்டியில் எழுதினால் மாறிகளைச் சாய்ப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். சார்புகளையும் அறிந்துகொள்ளும். அலகுகளை நேராக்குவதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கழித்தல் குறிக்குச் சிறுகோட்டையும், பெருக்கல் குறிக்கு ஆங்கில 'எக்ஸ்' எழுத்தையும் இட்டு ஒப்பேற்றும் வழக்கம் ஒழிய வேண்டும்.

எதற்கெல்லாம் எண்?

பின்னர்ச் சுட்டப்படும் சமன்பாட்டுக்கு மட்டுமே எண் வேண்டும் என்பது ஒரு கட்சி. தனி வரியில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும் என்பது மற்றொரு கட்சி. அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1989ஆம் ஆண்டு 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் எழுதிய கட்டுரையில் இரண்டாம் கட்சியை ஆதரித்தார். நாம் சுட்டாத சமன்பாட்டைப் படிப்பவர் சுட்ட விரும்பலாம் அல்லவா? திட்டக் கட்டுரையைப் பொறுத்தவரை நானும் அக்கட்சியே. தேர்வாளரும் வழிகாட்டியும் 'பக்கம் 23-இல் மேலிருந்து மூன்றாவது வரி' என்று தேடவேண்டியதில்லை. எண்ணுவது கணிப்பொறியானால் நமக்கு நட்டமும் இல்லை.

மெர்மின் கூறிய வேறிரண்டும் நாம் கொள்ளத்தக்கவை. சமன்பாட்டைச் சுட்டும்போது எண்ணோடு அதன் இயல்பையும் ஒரு சொல்லால் கூறுக, '(2.4)-இன்படி' என்பதைவிட 'வெப்பக் கடத்தல் சமன்பாடு (2.4)-இன்படி' என்பது படிப்பவரைப் பின்னோக்கிப் பக்கம் புரட்டாமல் காக்கும். மற்றொன்று, கணிதமும் உரைநடையே. சமன்பாடும் வாக்கியத்தின் உறுப்பாதலால் அதற்கும் நிறுத்தக்குறி உண்டு.

தடைகளும் விடைகளும்

'கணிதம் சரியாக இருந்தால் போதாதா? தோற்றத்துக்கு மதிப்பெண்ணா?' என்று சிலர் வினவுவர். தோற்றத்தைப் பற்றியதன்று இவ்வாதம். எது எதிலிருந்து வந்தது என்று காட்டுவதே நிறுவல். அந்தத் தொடர்பைக் காட்டும் கயிறு எண். கயிறு அறுந்தால் நிறுவல் உதிரி வரிகளாகிவிடும்.

'நேரம் இல்லை' என்பது அடுத்த தடை. இரண்டு மணி நேரப் பயிற்சியில் கற்கக்கூடியது இது. கடைசி இரவில் எண்களைத் திருத்தும் நேரம் அதனினும் மிகுதி. 'தட்டச்சு மையத்தார் செய்துவிடுவார்கள்' என்பது மூன்றாவது. அவர்கள் உழைப்பாளிகள்; அவர்களைக் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் வரியைப் பார்க்கிறார்களே ஒழிய வாதத்தைப் பார்ப்பதில்லை. அஃது அவர்கள் கடமையுமன்று. கீழ்க்குறி ஒன்று இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை அறிந்தவர் மாணவர் ஒருவரே.

மென்பொருளையே முழுதும் நம்பியிருக்கலாமா என்ற ஐயம் நியாயமானது. வேர்டின் பழைய சமன்பாட்டுக் கருவி, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018ஆம் ஆண்டு சனவரியில் நீக்கப்பட்டது. அதில் எழுதிய பழைய சமன்பாடுகளைப் பார்க்கலாம். அக்கருவியைக் கொண்டு திருத்த வழியில்லாமற் போயிற்று. ஆகவே கோப்புடன் பி.டி.எஃப். படி ஒன்றும் சேர்த்து வைப்பது அறிவுடைமை.

செய்ய வேண்டியவை

துறைகளுக்குச் சில வேண்டுகோள்கள். திட்டக் கட்டுரை தொடங்கும் பருவத்தின் முதல் வாரத்திலேயே கணிப்பொறி ஆய்வகத்தில் இரண்டு மணி நேரச் செய்முறை வகுப்பு நடத்தப்படட்டும். இயல் தலைப்பு, சமன்பாட்டு வரி, எண், சுட்டு ஆகியவை அமைந்த மாதிரிக் கோப்பு ஒன்றைத் துறையே ஆக்கி எல்லா மாணவர்க்கும் வழங்கட்டும். செய்முறைக் குறிப்பு ஒரு பக்க அளவில் தமிழில் இருக்கட்டும். தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் பட்டியின் ஆங்கிலச் சொற்களைக் கண்டு மிரண்டு நிற்றல் கூடாது. வழிகாட்டிப் பேராசிரியர்கள் முதற்படியைப் பார்க்கும்போதே படமாக ஒட்டிய சமன்பாட்டையும் கையால் தட்டிய எண்ணையும் திருப்பி அனுப்பட்டும். லிப்ரே ஆஃபீசும் லாடெக்கும் விலையின்றிக் கிடைப்பதால், அரசுக் கல்லூரிக்குப் பணமில்லை என்ற காரணம் இங்குச் செல்லாது.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். பத்துச் சமன்பாடுகளை நாமே எழுதி, நாமே பெயர் சூட்டிப் பார்த்தால், எது அடிப்படை, எது வருவித்தது, எது எங்கும் பயன்படாமல் சும்மா நிற்கிறது என்பதெல்லாம் தானே விளங்கும். எண்ணுவதைக் கணிப்பொறிக்கு விட்டுவிடலாம். எதை எதோடு தொடுப்பது என்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டா. அடுத்த ஆண்டு நம் கல்லூரியிலிருந்து வெளிவரும் திட்டக் கட்டுரைகளில் எந்தச் சமன்பாட்டின்மீது தேர்வாளர் விரல் வைத்தாலும், 'இது நான் எழுதியது ஐயா' என்று நிமிர்ந்து விடை கூறும் நிலை வரட்டும்.